சேவைக் கட்டணமும் டிப்ஸும்: திருகோணமலையில் ஹோட்டல் வேலைக்குச் சேருகிறவர்கள் கேட்டு வாங்கவேண்டிய கணக்கு

உப்புவெளி, நிலாவெளி, அலஸ் தோட்டம் பக்கம் ஏப்ரல் வந்தாலே ஆள் தேடத் தொடங்கிவிடுவார்கள். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி என்று எல்லாப் பக்கமும் இருந்து பிள்ளைகள் வேலைக்கு வருகிறார்கள். "சம்பளம் இவ்வளவு, அதோட சேர்விஸ் சார்ஜ் நல்லா வரும்" என்ற ஒரு வசனத்தை நம்பித்தான் அநேகம் பேர் சேர்கிறார்கள். அந்த "நல்லா வரும்" எவ்வளவு, எந்தக் கணக்கில், எந்தத் தேதியில் என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. எனக்குச் சேரவேண்டிய பங்கு எப்படிப் பிரிக்கப்பட்டது என்று அறிய நான் ஒரு சீசன் முழுக்க அலைந்தேன். புதிதாகச் சேரும் தம்பி தங்கச்சிமார் அந்த அலைச்சல் படக்கூடாது என்பதற்காக, கேட்கவேண்டியதை வரிசையாக எழுதுகிறேன்.

1. மூன்று பணத்தையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகுங்கள்

வாடிக்கையாளர் தரும் மேலதிகப் பணம் மூன்று வழியாக வரும். மூன்றும் மூன்று இடத்தில் போய் நிற்கும்.

முதலாவது, பில்லிலேயே அச்சாகும் 10 வீத சேவைக் கட்டணம். இது ஹோட்டலின் கணக்குக்குள் போய், மாதக் கடைசியில் ஊழியருக்குப் பிரியும். இரண்டாவது, கார்ட்டில் பணம் கட்டும்போது விருந்தினர் தானாகக் கூட்டிப் போடும் டிப்ஸ். இதுவும் முதலில் ஹோட்டலின் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். வங்கி தன் கழிவை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் வரவு வைக்கும். மூன்றாவது, மேசையில் வைத்துவிட்டுப் போகும் காசு.

"டிப்ஸ் எல்லாம் சமமாப் பிரிக்கிறம்" என்று ஒருவர் சொன்னால் இந்த மூன்றில் எதைச் சொல்கிறார் என்று உடனே கேளுங்கள். பல இடங்களில் மேசைக் காசு மட்டும்தான் எல்லோர் கண்முன்னும் எண்ணப்படும். பெரிய தொகை முதல் இரண்டிலும்தான் இருக்கிறது, அதைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

பில்லில் வற் வரி 18 வீதம் என்று இன்னொரு வரி இருந்தால் அது அரசாங்கத்துக்குப் போவது. அதைச் சேவைக் கட்டணத்தோடு குழப்பிக்கொண்டு போய் மனேஜரிடம் பேசினால், உங்கள் மற்றக் கேள்விகளையும் சேர்த்துத் தட்டிக்கழித்துவிடுவார்.

இன்னுமொன்று. அறைகளும் உள்ள ஹோட்டல் என்றால், அறை வாடகையில் அறவிடும் சேவைக் கட்டணமும் பிரிக்கப்படுகிறதா என்று கேட்கவேண்டும். புக்கிங் டொட் கொம் போன்ற தளங்களில் அந்த ஹோட்டலின் பெயரைப் போட்டு ஓர் அறையை முன்பதிவு செய்வதுபோல் கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள். விலையைப் பிரித்துக் காட்டும் இடத்தில் சேவைக் கட்டணம் 10 வீதம் என்று போட்டிருந்தால், அதுவும் ஊழியர் பெயரால் வாங்கும் பணம். உணவகப் பில்லை மட்டும் பிரித்துவிட்டு அறைப் பணத்தைப் பற்றிப் பேசாமல் விடுவது கடற்கரைப் பக்கம் நான் அடிக்கடி கண்ட விஷயம்.

2. கையெழுத்து வைக்கமுன் கேட்கவேண்டியவை

நேர்முகத்துக்குப் போகும்போது அடையாள அட்டை, கிராம சேவகர் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், முன்பு வேலை செய்த இடத்துக் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளைக் கொண்டு போங்கள். சில இடங்களில் பொலிஸ் நற்சான்றும் மருத்துவச் சான்றிதழும் கேட்பார்கள். மூலப் பத்திரங்களைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது. "சீசன் முடியும்வரை அடையாள அட்டை ஒபிஸில இருக்கட்டும்" என்றால் அந்த வேலையே வேண்டாம்.

பிறகு மரியாதையாக, ஆனால் நேராகக் கேளுங்கள்: "அண்ணா, சேர்விஸ் சார்ஜ் பொயின்ட் முறையா, சமபங்கா? எனக்கு எத்தனை பொயின்ட்? எல்லாருக்கும் சேர்த்து மொத்தம் எத்தனை பொயின்ட்? கோப்பை பீங்கான் உடைவுக்கு எத்தனை வீதம் கழிக்கிறீங்க? எந்தத் தேதியில தாறீங்க?"

பொயின்ட் என்பது பதவியைப் பொறுத்து ஆளுக்கு ஆள் தரும் பங்கு எண்; பிரிக்கும் பணத்தை மொத்தப் பொயின்ட்டால் பிரித்தால் ஒரு பொயின்ட்டின் பெறுமதி வரும். உங்கள் பொயின்ட்டை மட்டும் சொல்லி மொத்தப் பொயின்ட்டை மறைத்தால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பத்துப் பொயின்ட் தருகிறேன் என்பார்கள். மொத்தம் நூறாக இருந்தால் ஒரு கணக்கு, இருநூறாக இருந்தால் வேறு கணக்கு.

அடிப்படைச் சம்பளத்தையும் இதோடு கலக்க விடாதீர்கள். தேசிய குறைந்தபட்ச வேதனம் 2026 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு 30,000 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா. "எல்லாம் சேர்த்து 45,000" என்று ஒரே தொகையாகச் சொன்னால், அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, சேவைக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்து நியமனக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதமும் முதலாளியிடமிருந்து 12 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளியிடமிருந்து மட்டும் 3 வீதமும் போகவேண்டும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து எழுதினால் இவையும் குறையும். மாதம் எவ்வளவு கையில் வருகிறது என்று மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது பல வருடம் கழித்துத்தான் உறைக்கும்.

இங்கே இரண்டு பொறி உண்டு. ஒன்று தகுதிகாண் காலம். "முதல் மூன்று மாதம் சேர்விஸ் சார்ஜ் இல்லை" என்பார்கள். எங்கள் கரையில் சீசனே மே முதல் செப்டெம்பர் வரைதான். மேயில் சேர்ந்தவருக்கு ஓகஸ்ட் வரும்வரை பங்கில்லை என்றால், நல்ல வியாபாரத்தில் பாதிக்கு மேல் அவர் கையை விட்டுப் போய்விடும். இல்லை என்பதை அரைப் பொயின்ட்டாகவோ, மூன்று மாதத்தை ஒரு மாதமாகவோ மாற்றப் பேசிப் பாருங்கள். சீசனுக்கு முன்பு ஆள் தட்டுப்பாடு இருக்கும், அப்போது பேசினால் இறங்கி வருவார்கள்.

மற்றது மொழி. தெற்குக் கரையிலிருந்து சீசனுக்கு வரும் நிர்வாகம் என்றால் கடிதம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். ஒரு நாள் தவணை கேட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்து வையுங்கள். "இப்பவே வைக்கோணும்" என்று அவசரப்படுத்தினால், குறைந்தபட்சம் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. கணக்கு எப்படி நடக்கிறது என்று ஒரு தரம் போட்டுப் பாருங்கள்

ஓர் உதாரணம் சொல்கிறேன். இது எந்த ஹோட்டலின் கணக்கும் அல்ல, விளங்குவதற்காக நான் போட்டது. மாத வியாபாரம் 5,000,000 ரூபா. சேவைக் கட்டணம் 10 வீதம், அதாவது 500,000. கோப்பை பீங்கான் உடைவுக்கு 5 வீதம், 25,000 கழிக்கிறார்கள். மிச்சம் 475,000.

பொயின்ட் இப்படி:
மனேஜர் ஒருவர், 10
தலைமைச் சமையல்காரர் ஒருவர், 9
சமையல்காரர் இருவர், ஆளுக்கு 7, மொத்தம் 14
கேஷியர் ஒருவர், 6
வெயிட்டர் ஐவர், ஆளுக்கு 6, மொத்தம் 30
சமையலறை உதவியாளர் இருவர், ஆளுக்கு 4, மொத்தம் 8
துப்புரவு இருவர், ஆளுக்கு 4, மொத்தம் 8
காவலாளி ஒருவர், 4
பயிலுநர் இருவர், ஆளுக்கு 3, மொத்தம் 6

மொத்தம் 95 பொயின்ட். 475,000 ஐ 95 ஆல் பிரித்தால் ஒரு பொயின்ட் 5,000 ரூபா. வெயிட்டருக்கு 30,000, சமையலறை உதவியாளருக்கு 20,000.

இனி, பட்டியலில் வேலைக்கே வராத இரண்டு பெயர் சேருகிறது என்று வையுங்கள். முதலாளியின் மைத்துனர் ஒருவர், கொழும்பில் இருக்கும் "கணக்காளர்" ஒருவர், ஆளுக்கு 10 பொயின்ட். மொத்தம் 115 ஆகிவிடும். ஒரு பொயின்ட் 4,130 ரூபாவாக இறங்கும். வெயிட்டருக்கு 24,783 ரூபாதான். யாரும் அவருடைய பொயின்ட்டைக் குறைக்கவில்லை, ஆனால் மாதம் ஐயாயிரத்துக்கு மேல் போய்விட்டது. அதனால்தான் பெயர்ப் பட்டியலைக் கட்டாயம் பார்க்கவேண்டும் என்கிறேன். தொகையை மட்டும் காட்டினால் இந்த ஓட்டை தெரியாது.

லீவு நாளின் கணக்கையும் கேளுங்கள். 20 நாள் வேலை செய்த வெயிட்டருக்கு, 30 நாளால் பிரித்தால் 20,000. 26 வேலை நாளால் பிரித்தால் 23,077. இரண்டில் எது என்பது எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒருவர் லீவு போட்டதால் வெட்டப்படும் பணம் திரும்பவும் பொதுப் பங்குக்கு வருகிறதா, முதலாளியின் பையில் நிற்கிறதா என்பதும் கேட்கவேண்டிய கேள்வி.

உடைவுப் பணத்துக்கும் இதே நியாயம்தான். ஐயாயிரம் ரூபாவுக்குத்தான் கிளாஸ் உடைந்தது என்றால், கழித்த 25,000 இல் மீதி 20,000 எங்கே? அதைவிட மோசம், உடைவுக்கென்று பொதுவில் கழித்துவிட்டு, உடைத்தவரின் சம்பளத்திலும் திரும்ப வெட்டுவது. ஒரே கிளாஸுக்கு இரண்டு தரம் பணம் எடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

4. உங்கள் கொப்பியை முதல் நாளே தொடங்குங்கள்

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். ஒவ்வொரு நாளும் தேதி, வேலைக்கு வந்த நேரம், முடிந்த நேரம், நீங்கள் கவனித்த மேசைகளின் பில் தொகை, அதில் சேவைக் கட்டணம், உங்கள் கைக்கு வந்த டிப்ஸ் ஆகியவற்றை எழுதுங்கள். பேனையால் எழுதுங்கள். பென்சிலால் எழுதியதை விசாரணையில் ஒருவரும் மதிக்கமாட்டார்கள்.

நாள் முடிவில் கேஷியர் மெஷினில் இருந்து ஒரு நீளச் சீட்டு அடிப்பார், இசட் ரிப்போட் என்பார்கள். அன்றைய மொத்தச் சேவைக் கட்டணம் அதில் ஒரு தனி வரியாக இருக்கும். கேஷியரோடு நல்ல உறவு இருந்தால் அந்த ஒரு தொகையை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். சீட்டை எடுத்துவருவதும், விருந்தினரின் கார்ட் சீட்டைப் படம் எடுப்பதும் கூடாது. அது உங்களையே திருடன் ஆக்கிவிடும்.

சமையலறையிலும் பாத்திரம் கழுவும் இடத்திலும் வேலை செய்கிறவர்களுக்கு பில் கண்ணில் படாது. இந்தத் தொழிலில் அதிகம் ஏமாற்றப்படுகிறவர்கள் அவர்கள்தான். இரவு பதினொரு மணிக்கு எண்ணெய்ச் சட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கும் அக்காவிடம், மாதக் கடைசியில் ஒரு கவரைக் கொடுத்து "இந்த மாதம் இவ்வளவுதான்" என்றால் அவர் எதை வைத்துக் கேட்பார்? வெயிட்டர்மாரே, உங்கள் கொப்பியில் உள்ள தொகையை அவர்களுக்கும் சொல்லுங்கள்.

5. மேசைக் காசுக்குப் பெட்டி

எல்லோரும் ஒரே பெட்டியில் போடுவது என்று முடிவெடுத்தால் அது எல்லோருக்கும் பொதுவான சட்டமாக இருக்கட்டும். இரண்டு பூட்டுள்ள பெட்டி; ஒரு பூட்டின் திறப்பு சாப்பாட்டு மண்டபத்தில் ஒருவரிடம், மற்றப் பூட்டின் திறப்பு சமையலறையில் ஒருவரிடம். வாரத்துக்கு ஒரு தரம், எப்போதும் அதே நாளில், இரண்டு பேர் எண்ணி எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். மாதம் ஒரு தரம் என்று விட்டால் சந்தேகம் வளரும்.

வெளிநாட்டு நோட்டுகளை நகரத்தில் வங்கியிலோ அனுமதி பெற்ற நாணய மாற்றுக் கடையிலோ மாற்றி, அந்தச் சீட்டைப் பெட்டிக் கொப்பியில் ஒட்டிவையுங்கள். நாணயக் குற்றிகளை எடுக்கமாட்டார்கள். யூரோக் குற்றிகள் சேர்ந்தால், ஊர் திரும்பும் ஐரோப்பிய விருந்தினரிடம் கொடுத்து ரூபாவாக வாங்குவதுதான் இங்கே வழி. முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார்கள். "குற்றி செல்லாது" என்று சொல்லி ஒருவர் மட்டும் எடுத்துக்கொண்டு போக விடாதீர்கள்.

6. மாதக் கடைசியில் தாளில் என்ன இருக்கவேண்டும்

ஒரே ஒரு ஏ4 தாள், ஊழியர் சாப்பிடும் அறையில் ஒட்டினால் போதும். அதில் இவை இருக்கட்டும்: மாதத்தின் மொத்தச் சேவைக் கட்டணம் (உணவகம், அறை என்று பிரித்து), கார்ட் டிப்ஸ், கழித்த தொகையும் காரணமும், பெயரும் பொயின்ட்டும், மொத்தப் பொயின்ட், ஒரு பொயின்ட்டின் பெறுமதி. முதலாளிக்கு இதில் ஒரு செலவும் இல்லை. கணக்கு நேர்மையாக நடக்கும் இடத்தில் இதைக் கேட்டால் கோபப்படவும் மாட்டார்கள்.

"உலகத்தில எங்க இப்பிடிக் கேக்கிறாங்கள்?" என்று முதலாளி சொன்னால் ஒரு பதில் உண்டு. பிரித்தானியாவில் 2024 ஒக்டோபர் 1 முதல், டிப்ஸும் சேவைக் கட்டணமும் முழுவதும் ஊழியருக்கே போகவேண்டும், பிரிக்கும் முறை எழுத்தில் இருக்கவேண்டும், கணக்கை மூன்று வருடம் வைத்திருக்கவேண்டும், ஊழியர் கேட்டால் காட்டவேண்டும் என்று சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அது இங்கே செல்லும் சட்டம் அல்ல. ஆனால் விருந்தினர் பலர் வருவது வெளிநாடுகளிலிருந்துதான். தாங்கள் கொடுத்த பணம் வெயிட்டருக்குப் போனதா என்று அவர்களே கேட்கிறார்கள்.

பணம் வாங்கும்போது கையெழுத்துத் தாளை நன்றாகப் பாருங்கள். தொகை எழுதும் கட்டம் வெறுமையாக இருந்தாலோ பென்சிலால் எழுதியிருந்தாலோ, நீங்களே உங்கள் பெயருக்கு எதிரில் வாங்கிய தொகையைப் பேனையால் எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டுக் கையெழுத்து வையுங்கள். கவரை எண்ணாமல் கையெழுத்து வைக்காதீர்கள். வங்கியில் போடச் சொன்னால் இன்னும் நல்லது, அதற்குப் பிறகு தனியாக அத்தாட்சி தேவையில்லை.

7. கணக்குத் தராவிட்டால்

முதலில் வாயால் கேளுங்கள், தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராக. ஒரு வாரம் பொறுத்து எழுத்தில் கேளுங்கள். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை:

"மதிப்புக்குரிய முகாமையாளர் அவர்களுக்கு, ஜூன் மாதச் சேவைக் கட்டணத்தின் மொத்தத் தொகை, கழிவுகள், மொத்தப் பொயின்ட், எனது பொயின்ட் ஆகிய விபரங்களை எழுத்தில் தந்துதவுமாறு தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். எனது பதிவின்படி எனக்குச் சேரவேண்டிய தொகைக்கும் கிடைத்த தொகைக்கும் வித்தியாசம் உள்ளது. இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்."

பெயர், அடையாள அட்டை இலக்கம், தேதி, கையெழுத்து. ஒரு பிரதியை வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் கந்தோர் தரும் சிறு பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டுங்கள். செலவு அந்தத் தபாலும் போட்டோக் கொப்பியும்தான்.

அதற்கும் பதில் இல்லையென்றால் திருகோணமலை மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதலாம். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிப் பதிவு, உங்கள் கொப்பி, கடிதத்தின் பிரதி, தபால் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் கொண்டு போங்கள். முறைப்பாட்டில் சேவைக் கட்டணத்தை மட்டும் எழுதாதீர்கள். கட்டாத சேமலாப நிதி, கொடுக்காத மேலதிக நேரக் கொடுப்பனவு, குறைந்த அடிப்படைச் சம்பளம் இருந்தால் அவற்றையும் தனித்தனியாக எழுதுங்கள். இவை சட்டத்தில் நேராக உள்ளவை, அதிகாரி உடனே கையில் எடுக்கக்கூடியவை. பொயின்ட் பிரிப்பு அந்தந்த இடத்தின் ஏற்பாடாக நடப்பதால், அதில் நீங்கள் நிற்பது நியமனக் கடிதத்தில் எழுதியதை வைத்துத்தான். கடிதத்தில் இல்லையென்றால் மாதாமாதம் தந்துவந்த வழக்கத்தை வங்கிப் பதிவால் காட்டவேண்டும். விசாரணைக்கு இரு பக்கத்தையும் கூப்பிடுவார்கள், தவணை தள்ளிப்போகும். பொறுமை வேண்டும்.

கேட்டதற்காக வேலையால் நிறுத்தினால், வேலைநீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். "அடுத்த சீசனுக்குத் திரும்பக் கூப்பிடுறன், பொறு" என்று சொல்லி இந்த ஆறு மாதத்தையும் கடத்திவிடுவார்கள். ஒக்டோபரில் நிறுத்தியவருக்கு ஏப்ரலோடு காலம் முடிந்துவிடும், புது சீசனுக்கு ஆள் தேடத் தொடங்குவதும் அப்போதுதான். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

பிரச்சினை நடக்கும்போது ஹோட்டலின் பெயரைப் போட்டு முகநூலில் எழுதவேண்டாம். கோபம் நியாயமானதுதான், ஆனால் மானநஷ்டம் என்று எதிர்ப்பக்கம் பேச்சைத் திருப்பிவிடும். பிறகு கணக்கைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

8. சீசன் முடிந்து விலகும்போது

சேவைக் கட்டணம் அநேகமாக ஒரு மாதம் பின்தங்கித்தான் வரும். செப்டெம்பர் மாதப் பங்கு ஒக்டோபர் நடுவில் பிரிக்கப்படும். செப்டெம்பர் 30 உடன் வீட்டுக்குப் போகிறவர் "அப்ப நீ இங்க இல்லைதானே" என்ற பதிலோடு ஒரு முழு மாதப் பங்கை இழந்துவிடுகிறார். வேலை செய்த மாதத்துக்குரியது அது, பிரிக்கும் நாளில் எங்கே நிற்கிறார் என்பதற்குரியது அல்ல. இதைச் சேரும்போதே நியமனக் கடிதத்தில் ஒரு வரியாகப் போட்டுக்கொள்ளுங்கள்: "விலகிய பின்னரும் வேலை செய்த நாட்களுக்குரிய சேவைக் கட்டணம் வழங்கப்படும்."

விலகும் கடிதத்தில் கடைசி வேலை நாளையும், வரவேண்டிய மாதங்களையும், வங்கிக் கணக்கு இலக்கத்தையும் எழுதி, ஒரு பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று மனேஜரின் கையெழுத்தும் ஹோட்டல் முத்திரையும் வாங்குங்கள். சேவைக் கடிதத்தையும் அன்றைக்கே கேளுங்கள். மாரி தொடங்கினால் பல இடங்களில் ஒபிஸைப் பூட்டிவிட்டு நிர்வாகம் தெற்குக்குப் போய்விடும், பிறகு அடுத்த ஏப்ரல் வரை ஒருவரையும் பிடிக்க முடியாது.